ஏரிக்கரையில் ஒரு புத்திப் பரீட்சை

முப்பத்தெட்டாவது வயதில் எனக்குப் புத்தி வயது பதினொன்று என்று தெரியவந்தது. வேறு யாரும் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. நானே கதவைத் தாழிட்டு, கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு, ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையில் வந்திருந்த புத்திப் பரீட்சையை எழுதி, அடியில் தலைகீழாக அச்சடித்திருந்த விடைகளோடு ஒப்பிட்டுத் தெரிந்துகொண்டேன். அந்த விடைகளைப் படிக்கப் பத்திரிகையைத் திருப்பாமல் முதலில் என் கழுத்தைத் திருப்பினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பதினொன்றில் அது சேரவில்லை. சேர்த்திருந்தால் இன்னும் ஒன்றிரண்டு குறைந்திருக்கும்.

அதோடு விட்டிருக்கலாம். மறுநாளும் அதே பரீட்சையை எழுதினேன். விடை தெரிந்த பிறகும் பதினான்கைத் தாண்ட முடியவில்லை.

இவ்வளவுக்கும் நான் படித்தவன் என்று பெயர் எடுத்தவன். புதுச்சேரிப் பட்டணத்தில் பிறந்து, பிரெஞ்சும் தமிழும் முறையாகக் கற்று, இரண்டு மொழி இலக்கணத்திலும் அடுத்தவன் செய்யும் தவறு உடனே காதில் விழும்படி பழகியிருந்தேன். அப்படிக் காது பழகியவனுக்கு நண்பர்கள் சேர்வது கஷ்டம் என்பதை மட்டும் எந்த வாத்தியாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பாகூர் மேரியில், அதாவது கொம்யூன் என்கிற ஊராட்சி அலுவலகத்தில், ஜனன மரணப் பதிவு எழுதும் வேலைக்கு என்னை மாற்றியபோது பட்டணத்தில் வழியனுப்ப வந்தவன் வண்டிக்காரன் ஒருவன்தான். அவனும் வண்டி ஓட்ட வேண்டியிருந்ததால் வந்தான்.

கல்யாணம் ஆகவில்லை. முதலில் அவசரமில்லை என்றிருந்தேன். பிறகு அவசரப்பட்டுப் பயனில்லை என்றாகிவிட்டது.

பாகூரில் ஒரு மளிகைக் கடைக்குப் பின்னால் இருந்த அறையில் குடியிருந்தேன். கடைக்காரர் ஒரு பாய். நல்ல மனிதர், பேச்சுக்காரர், ஆனால் கடை திறந்திருக்கும் நேரம் முழுக்க அவர் பேச்சு சாமான் வாங்க வந்தவர்களுக்கே சரியாகிவிடும். மேரியில் என்னிடம் வருகிறவர்கள் ஒன்று குழந்தை பிறந்ததைச் சொல்ல வருவார்கள், இல்லையென்றால் ஆள் செத்ததைச் சொல்ல வருவார்கள். நடுவில் நடப்பதை யாரும் என்னிடம் சொன்னதில்லை. சாயங்காலம் அறைக்கு வந்து ரசம் வைப்பேன். தனியாகச் சமைத்துத் தின்கிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு, உப்புக் குறைந்தால் குறை சொல்ல ஆள் கிடையாது. அந்தச் சௌகரியத்தை நான் பல வருஷம் அனுபவித்தேன்.

இப்படியிருந்த என்னை ஃபுட்பால் பார்க்கக் கூப்பிட்டவர் பாய்தான். கூப்பிட்டார் என்று சொல்வதும் கொஞ்சம் அதிகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையைச் சாத்திக்கொண்டே, "ஏரிக்குப் போறேன் முசே, வூட்டப் பாத்துக்குங்க" என்றார். அரசாங்க வேலைக்காரனை எங்கள் பக்கத்தில் முசே என்பார்கள். நான் வீட்டைப் பார்த்துக்கொள்ளாமல் அவர் பின்னாலேயே போய்விட்டேன்.

பாகூர் ஏரி சித்திரையில் வற்ற ஆரம்பிக்கும். வெயில் ஏற ஏறத் தண்ணீர் உள்ளே ஒடுங்கி, கரையோரமாகப் பெரிய கட்டாந்தரை கிடைக்கும். அதில் இரண்டு பக்கமும் சவுக்குக் கழி நட்டால் ஆட்டக்களம் தயார். ஐப்பசி மழைக்கு வாய்க்காலில் வெள்ளம் இறங்கி ஏரி நிரம்பினால், களம், கழி, நாங்கள் கத்தியது எல்லாம் தண்ணீருக்கு அடியில் போய்விடும். மறுபடி ஏரி வற்றும்வரை பாகூரில் ஃபுட்பால் கிடையாது.

கரைமேல் பார்க்கிறவர்கள் கும்பல் கும்பலாக உட்காருவார்கள். பாயின் கும்பலில் அவரைத் தவிர இரண்டு பேர். ஒருவர் செலியமேட்டுக்காரர். யுத்தத்தில் பிரெஞ்சுப் பட்டாளத்தோடு சீமைக்குப் போய் வந்து, பென்ஷனும் கொஞ்சம் நிலமுமாக இருந்தவர். அவரை எல்லோரும் சொல்தா, அதாவது பிரெஞ்சில் சிப்பாய், என்றே கூப்பிட்டார்கள். இன்னொருத்தி மணப்பட்டிலிருந்து கருவாடு விற்க வரும் அம்மாள். ஐம்பது வயதிருக்கும். கூடையைக் காலி செய்துவிட்டு அதைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பாள். அவள் தம்பி பாகூர்க் கட்சியில் முன்னாட்டக்காரன். சொல்தாவே அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார், அவளைவிட அவர் மூத்தவராக இருந்தும். பயம்தான் காரணம்.

அன்றைக்கு நான் போய் ஓரமாகக் குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்த சற்று நேரத்துக்கெல்லாம் அக்காவின் தம்பி ஒரு கோல் போட்டான். பிறகு இன்னொன்று. பாகூர் ஜெயித்தது. மறு ஞாயிறு காலையில் பாய் என் கதவைத் தட்டி, "இன்னா முசே, கெளம்பலியா? சொல்தா உங்களைக் கேட்டுக்கினே இருக்காரு" என்றார்.

என்னை ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்! சட்டையை மாற்றிக்கொண்டு போனேன்.

விஷயம் என்னவென்றால், அந்தக் கரையில் ராசி என்று ஒன்று இருந்தது. நம் கட்சி கோல் போட்டபோது யார் எப்படி உட்கார்ந்திருந்தார்களோ, ஆட்டம் முடியும்வரை அப்படியே உட்கார்ந்திருக்க வேண்டும். காலை மடக்கியிருந்தவர் மடக்கியபடி, வெற்றிலையை வாயில் அடக்கியிருந்தவர் அடக்கியபடி. அசைந்தால் கோல் திரும்பிப் போய்விடும். ஒருமுறை பாய் காது குடைந்துகொண்டிருந்தபோது கோல் விழுந்து, ஆட்டத்தின் பிற்பாதி முழுக்கச் சுண்டுவிரலைக் காதிலிருந்து எடுக்காமலே இருந்தார். இந்தச் சாஸ்திரப்படி புதிதாக வந்த நான் ராசியான ஆள். எனக்கென்று ஓர் இடம் ஒதுக்கினார்கள், சொல்தாவுக்கு வலப்பக்கம், ஒரு பனைமரத்தடியில். பனையில் நிழல் கிடையாது. ஆனாலும் என் இடம்.

அங்கே நடந்த பேச்சுக்காகவே நான் போனேன். ஃபுட்பால் எனக்குப் பாதிதான் புரிந்தது. யாராவது பலமாகக் கத்தினால் நானும் கத்துவேன், ஒரு நொடி தாமதமாக.

சொல்தாவுக்குப் பட்டாளத்தில் கற்ற பிரெஞ்சு இலக்கணத்தில் பெருமை அதிகம். "பிரெஞ்சுல எல்லாத்துக்கும் ஆம்பள பொம்பள உண்டு பாய். நாற்காலி பொம்பள. துப்பாக்கி ஆம்பள" என்பார்.

"அப்ப தோல்வி?" என்றார் பாய்.

"பொம்பள."

"ஜெயிப்பு?"

சொல்தா என்னைப் பார்த்தார். "அதுவும் பெண்பால்தான்" என்றேன்.

"தோத்தாலும் பொம்பள, ஜெயிச்சாலும் பொம்பள. அப்ப ஆம்பளைக்கு இன்னாதான்யா வேல?"

"பந்து ஆம்பளதான்" என்றார் சொல்தா.

"சரிதான்" என்றாள் அக்கா, கூடையின்மேல் அசையாமல். "அதான் ஆளாளுக்கு ஒதைக்கிறானுங்க."

எங்கள் கோலி ஒரு பனையேறி. எவ்வளவு உயரத்தில் வந்தாலும் எம்பிப் பிடிப்பான். தரையோடு உருண்டு வரும் பந்தை மட்டும் அவன் பந்தாகவே மதிப்பதில்லை. அப்படி ஒன்றை விட்டபோது அக்கா, "பாரு, நட்டு வெச்ச மாதிரி நின்னுக்கினு இருக்குது பாரு அது!" என்று கத்தினாள்.

என் காது சும்மா இருக்கவில்லை. "மனிதர் உயர்திணை அம்மா. நிற்கிறான் என்று சொல்ல வேண்டும்" என்றேன்.

"கோல வுட்டுட்டு இன்னா ஒசந்த தெணை? ஒரு பந்து புடிக்கட்டும் முசே, அவுரு இவுருன்னே சொல்றேன். அதுவரிக்கும் அது அதுதான்."

எனக்குத் தெரிந்த எந்த இலக்கண ஆசிரியரும் இதற்கு மறுப்புச் சொல்லியிருக்க முடியாது.

அந்த வருஷம் ஐப்பசியில் மழை வந்தது. ஊரே சந்தோஷப்பட்டது. சொல்தா மேரி வாசலில் நனைந்துகொண்டே நின்று, "ஏரி ரொம்புது முசே!" என்று என்னிடம் கத்திவிட்டுத் தன் நிலத்தைப் பார்க்கப் போனார். அதன்பிறகு பல மாதம் அவரை நான் பார்க்கவில்லை. அவருக்கு நாற்று, நடவு. அக்காவுக்குக் கடல் கொந்தளித்ததால் கருவாடு இல்லை, பாகூருக்கு வர வேலையும் இல்லை. பாய் கடையில் இருந்தார், ஆனால் கடையில் இருந்த பாய் வேறு, கரையில் இருந்த பாய் வேறு. நான் ஒருநாள் சாமான் வாங்கும் சாக்கில் போய் நின்று, "துப்பாக்கி ஆண்பால் என்று சொல்தா சொன்னாரே" என்று ஆரம்பித்தேன். அவர் மிளகு நிறுத்துக்கொண்டே, "ஆமாமா. வேற இன்னா வேணும் முசே?" என்றார்.

ஏரிக்கரைக்கு ஒருநாள் தனியாகப் போனேன். அந்தப் பனைமரத்தடியில் நின்று பார்த்தால் கண்ணுக்கெட்டியவரை தண்ணீர். கோல் கழி ஒன்றின் நுனி மட்டும் வெளியில் தெரிந்தது. அதன்மேல் ஒரு நீர்க்காகம் இறக்கையை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். வழியில் எதிர்ப்பட்டவர்கள், முசே ஏரி பார்க்கப் போனாரென்று மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார்கள்.

அந்த மழையில்தான் அறையில் உட்கார்ந்து புத்திப் பரீட்சை எழுதினேன்.

மறு வருஷம் ஏரி வற்றியது. முதல் ஞாயிறன்று பாய் கதவைத் தட்டுவதற்கு முன்பே நான் குடையோடு வாசலில் நின்றேன். ஆனால் அந்த வருஷம் பாகூருக்கு நேரம் சரியில்லை. எல்லைக்கு அந்தப்பக்கம், இங்கிலீஷ்காரன் ஆளும் ஊர்களிலிருந்து வந்த கட்சியிடம் தோற்றோம். நெட்டப்பாக்கத்தாரிடம் தோற்றோம். சொல்தா என்னை ஓரக்கண்ணால் பார்க்க ஆரம்பித்தார். அக்கா ஓரக்கண் வழக்கமில்லாதவள், நேராகவே பார்த்தாள். "முசேவுக்கு ராசி தேஞ்சிப் போச்சோ இன்னாவோ" என்றாள்.

ராசி போனால் இடம் போகும். இடம் போனால் வருஷம் முழுக்க மழைக்காலம்தான். ராசியால் பிடித்துவைக்க முடியாத இவர்களைப் புத்தியால் பிடித்துவைக்கலாம் என்று ஒரு யோசனை பிறந்தது. பதினொரு வயதுப் பையனுக்குத் தோன்றக்கூடிய யோசனைதான்.

அடுத்த ஞாயிறு பத்திரிகையிலிருந்து கிழித்த தாளைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு போனேன். ஆட்டம் மந்தமாக ஆரம்பித்ததும் வெளியே எடுத்தேன். "சீமையில் இப்போது இதுதான் பேச்சு. கேள்விக்குப் பதில் சொன்னால் ஒருவருடைய புத்திக்கு எத்தனை வயது என்று சொல்லிவிடலாம்" என்றேன்.

"எனக்கு அறுவது" என்றார் சொல்தா.

"அது உடம்புக்கு."

"ஒடம்ப வுட்டுட்டு புத்தி மட்டும் எங்க போய் வளந்துச்சாம்?"

முதல் கேள்வியைத் தமிழில் சொன்னேன். மூன்று பேர் ஒரு கிணற்றை ஆறு நாளில் தோண்டினால், ஆறு பேர் எத்தனை நாளில் தோண்டுவார்கள்?

"எந்த ஊரு கெணறு?" என்றார் சொல்தா.

"ஏதோ ஒரு கிணறு."

"ஏதோ ஒரு கெணத்த எவன் முசே தோண்டுவான்? ஆறு பேரு உள்ள எறங்கினா கடப்பார வீசுறதுக்கு எடம் ஏது? ஒருத்தன் மண்டய ஒருத்தன் ஒடைப்பான். ரெண்டு நாளு ஆஸ்பத்திரிக்குப் போவும். எட்டு நாளு."

"மூணு பேருக்கு மேல இருந்தா நாலாவது ஆளு கதை சொல்ல ஆரம்பிச்சிருவான்" என்றார் பாய். "பத்து நாளு போடுங்க."

விடை மூன்று என்று தாளில் இருந்தது. அதைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டேன்.

அடுத்தது: மாடு, குதிரை, கழுதை, வண்டி. இதில் சேராதது எது?

"குதிரை" என்றார் சொல்தா. "பாகூர்ல குதிரை ஏது?"

"கழுதைதான்" என்றாள் அக்கா. "மாடும் குதிரையும் வண்டியோட சேந்து போவும். கழுதை பாவம், தனியாவே சொமக்கும், தனியாவே மேயும்."

வண்டி என்பதுதான் சரியான விடை. ஆனால் அந்தக் கழுதையை எனக்கு உடனே பிடித்துப்போயிற்று.

கடைசியில், இவர்கள் ஒன்றாவது தேறட்டும் என்று, ஆறு வயதுக் குழந்தைக்கென்று போட்டிருந்த கேள்வியைக் கேட்டேன். கையில் குடை இருக்கும்போது மழை வந்தால் என்ன செய்ய வேண்டும்?

"விரிக்கணும்" என்றார்கள் பாயும் சொல்தாவும்.

அக்கா வானத்தைப் பார்த்தாள். "அது ஆட்டம் இன்னா நெலமையில கீதுன்னு பாத்துதான் சொல்ல முடியும்."

பாய் சிரித்த சிரிப்பில் வெற்றிலை தெறித்தது. சொல்தா தொடையில் தட்டிக்கொண்டார். அக்காவும் கூடை நெளியும்படி சிரித்தாள். சிரிப்பு அவர்களுக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. நான் தாளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பரீட்சை வைக்கிறவன் எந்த ஊரிலும் வகுப்போடு சேர்ந்து சிரிப்பதில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

"உங்களுக்கு எத்தினி வயசு வந்துச்சி முசே?" என்று பாய் கேட்டார்.

"பரீட்சை வைக்கிறவருக்குப் பரீட்சை கிடையாது" என்றேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கடையில் செல்லாக் காசை நீட்டுகிறவர்களை அப்படித்தான் பார்ப்பார்.

அதற்குள் களத்தில் ஏதோ கூச்சல். நிமிர்ந்து பார்த்தால், எங்கள் கோலி வலையில்லாத கோலுக்குப் பின்னால் பந்தைத் தேடிக்கொண்டிருந்தான். இரண்டு கோல் விழுந்திருந்தது. நாங்கள் நான்கு பேரும் கவனிக்கவே இல்லை. பார்க்கிறவர்கள் பார்க்காமல் விட்டால் கட்சி தோற்கும் என்பது அங்கே ராசியைவிடப் பழைய சட்டம்.

தோற்றபின் சொல்தா எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டார். பட்டாளத்தில் தீர்ப்புச் சொல்லும் தோரணை அவருக்கு எப்போதாவது வரும். அன்று வந்தது. "வர ஞாயித்துக்கெழம வில்லியனூர்க்காரன் வர்றான். தண்ணி வர்றதுக்கு முன்ன அதான் கடைசி ஆட்டம். அதுவும் போச்சுன்னா, அடுத்த வருசம் முசே மதகுக்கு அந்தாண்ட ஒக்காரட்டும்."

மதகுக்கு அந்தப்பக்கம் எதிர்க்கட்சிக்காரர்கள் உட்காரும் இடம்.

"அதும் நல்ல ரோசனைதான்" என்றாள் அக்கா. "இவுரு ராசிய அவனுங்களுக்குக் குடுத்துருவோம்."

பாய் ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் முழுக்க மேரிக்கு வந்தவர்கள் எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். பிறப்பைச் சொல்ல வந்தவனும் மழையைப் பேசினான், இறப்பைச் சொல்ல வந்தவனும் மழையைப் பேசினான். ஊரில் மழை வேண்டாம் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான். வெளியில் சொல்லியிருந்தால் கல்லாலடித்திருப்பார்கள், நியாயமும் அவர்கள் பக்கம்தான். ஓர் ஊரின் நெல்லுக்கு எதிராக நான் வைத்திருந்தது கரைமேல் ஒரு முழ இடம்.

ஞாயிறு வந்தது. காலையில் சுள்ளென்று வெயில். வில்லியனூர்க்காரர்கள் மாட்டு வண்டிகளில் மேளத்தோடு வந்து இறங்கினார்கள். அவர்களில் இரண்டு பேர் காலில் பூட்ஸ் போட்டிருந்ததைப் பார்த்து எங்கள் கரை கொஞ்சம் அடங்கிப்போயிற்று. "பூட்ஸு காலுக்கு மட்டுந்தானா, ஒதைக்கவும் கத்துக் குடுத்துதா?" என்று அக்கா மதகு வரை கேட்கும்படி விசாரித்தாள். நான் என் இடத்தில் குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். யாரும் என்னிடம் பேசவில்லை. நானும் அன்று யார் இலக்கணத்தையும் திருத்தவில்லை.

பாதி ஆட்டம் வரை இரு பக்கமும் கோல் இல்லை. பிற்பாதியில் மேற்கே மேகம் ஏறி வெயில் மறைந்தது. இனிக் குடை எதற்கு என்று மடக்கி மடியில் வைத்தேன். வைத்த அதே நொடியில் அக்காவின் தம்பி பூட்ஸ்காரர் இருவருக்கும் நடுவில் வெறுங்காலோடு நுழைந்து பந்தை உள்ளே தள்ளினான். கரையே எழும்பியது. சொல்தா தன்னை மறந்து கத்தியபடி பக்கத்தில் அகப்பட்டதைப் பிடித்துக்கொண்டார். அகப்பட்டது என் தோள்.

"அசையாதீங்க! யாரும் அசையாதீங்க!" என்று பாய் கத்தினார்.

ஆக, மீதி ஆட்டத்துக்கு நிலைமை இது: பாய் ஒரு முழங்காலை ஊன்றியபடி, அக்கா கூடையில் பாதி உட்கார்ந்து பாதி எழுந்தபடி, என் குடை மடக்கியபடி, சொல்தாவின் கை என் தோள்மேல்.

அப்புறம் மழை வந்தது. தூறலாக ஆரம்பிக்கவில்லை, மொத்தமாகக் கொட்டியது. என் கை பழக்கத்தில் குடைப்பிடிக்குப் போயிற்று.

"முசே! கொடையத் தொட்ட, கைய ஒடிச்சிருவேன்!" என்றாள் அக்கா.

கையை எடுத்துக்கொண்டேன். ஆறு வயதுக் குழந்தை சரியாகப் பதில் சொல்லும் கேள்வி அது. மடியில் குடையை வைத்துக்கொண்டு மழையில் உட்கார்ந்திருந்தவனுக்குப் பத்திரிகைக்காரர்கள் எத்தனை வயது கொடுப்பார்கள் என்று தெரியவில்லை. கொடுத்ததை வாங்கிக்கொண்டிருப்பேன். மழையில் சொல்தாவின் கை என் தோளில் இன்னும் கனத்தது. உழவுக்காரக் கை, முதலில் சூடாக இருந்தது, பிறகு ஈரத்தில் சட்டையோடு ஒட்டிக்கொண்டது. என்னை ஒரு மனிதர் இப்படிப் பிடித்து எவ்வளவு காலமாயிற்று என்று யோசித்துப் பார்த்தேன். முடிதிருத்துகிறவரைக் கணக்கில் சேர்க்காவிட்டால் விடை கிடைக்கவில்லை. ஆட்டம் முடியவே வேண்டாம் என்றிருந்தது. வாரம் முழுக்க நான் வேண்டாம் என்று வேண்டிக்கொண்ட மழையில் அவ்வளவு சந்தோஷமாக உட்கார்ந்திருந்தேன்.

மூக்குக்கண்ணாடியில் நீர் வழிந்ததால் களத்தில் நடந்தது எனக்குத் தெரியவில்லை. கடைசியாக ஒரு பந்து சேற்றில் உருண்டு, தரையோடு தரையாக எங்கள் கோலை நோக்கிப் போனதாம். பனையேறி அப்படியே சேற்றில் விழுந்து அதை மார்போடு அணைத்துக்கொண்டானாம். எனக்குக் கேட்டது அக்காவின் குரல் மட்டும். "புடிச்சிட்டாரு! அவுரு புடிச்சிட்டாரு!"

தோளிலிருந்து கை போய்விட்டது.

நான் அசையவில்லை. சட்டம் எனக்கு நன்றாகத் தெரியும். காலை மடக்கியபடி, குடையை மடியில் வைத்தபடி, முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சுற்றிலும் ஓடும் சத்தம் கேட்டது, பிறகு குறைந்தது. எங்கோ தூரத்தில் மேளம் அடித்தார்கள். வில்லியனூர் மேளத்தைப் பிடுங்கி எங்கள் ஆட்கள் அடித்திருக்கிறார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. மழை குறைந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டேன். கரையில் நான் ஒருவன்தான் இருந்தேன். களத்தில் கோலியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒரு கூட்டம் ஊர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. அதில் பாய், சொல்தா, தலையில் கூடையைத் தொப்பி மாதிரி கவிழ்த்துக்கொண்ட அக்கா. ஆட்டம் எப்போதோ முடிந்திருந்தது. நான் மட்டும் ஜெயித்த ஆட்டத்தை இன்னும் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

எழுந்தேன். மழை முழுதாக விட்டிருந்தது. குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

அன்றே ஜுரம் கண்டது. இரண்டு நாள் கழித்து வாய்க்காலில் வெள்ளம் இறங்கி ஏரிக்குள் பாய்கிறது என்று வாசலில் யாரோ பேசிக்கொண்டு போனது கேட்டது. கழியெல்லாம் இந்நேரம் முழுகியிருக்கும் என்று கணக்குப் போட்டபடி படுத்திருந்தேன். மேரியிலிருந்து ஆள் வந்து பார்த்தான். எனக்கு உடம்பு எப்படி என்று கேட்க அல்ல, முத்திரை எங்கே இருக்கிறது என்று கேட்க.

சாயங்காலம் பாய் வந்தார். கடையைத் திறந்தபடி விட்டுவிட்டு வந்திருந்தார், அது அவர் வழக்கமே அல்ல. கையில் சுக்குக் கஷாயம். அவர் மனைவி போட்டுக் கொடுத்தது. நான் குடித்து முடிக்கும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஜுரத்தில் மனிதனுக்கு உண்மை பேசும் புத்தி வரும் போலிருக்கிறது. "பாய், அன்றைக்குக் கேட்டீர்களே. எனக்குப் பதினொன்று வந்தது" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "பதினோரு வயசுல எங்க அத்தா மௌத்தாயிட்டாரு. அடக்கம் ஆன மறுநாளே நான்தான் கடையில ஒக்காந்தேன். அது ஒண்ணும் கொறைஞ்ச வயசு இல்ல முசே" என்றார்.

கஷாயத்தின் காரம் என்று காட்டிக்கொண்டு இருமினேன். துணிச்சல் வந்து, "அப்படியானால் அடுத்த வருஷம் என் இடம் இருக்கிறதா? மதகுக்கு அந்தப்பக்கம் போக வேண்டாமே?" என்று கேட்டேன்.

"சே சே, இன்னா பேச்சு முசே. நாங்க மூணு பேரும் அன்னிக்கே ஒக்காந்து பேசித் தீத்துட்டோம்." காலிக் குவளையை வாங்கிக்கொண்டு எழுந்தார். மூலையில் இன்னும் ஈரம் காயாமல் சாய்ந்திருந்த குடையை எடுத்து, ஒரு கம்பி வளைந்திருந்ததைப் பதமாக நிமிர்த்தி, விரித்துப் பார்த்து மடக்கி, பத்திரமாகச் சுவரோரம் வைத்தார். "சொல்தாவும் அக்காவும் ஒரே முடிவா சொல்லிட்டாங்க. ராசி கொடைக்குத்தானாம். அதனால நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க. அடுத்த வருசம் ஒடம்பு முடியலன்னா செரமப்பட்டு வர வேணாம். கொடைய மட்டும் குடுத்து வுடுங்க, போதும்."